விமானத் திடலை மூடினால் அந்த நிலம் என்ன ஆகும்? காமலாபுரத்தை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: “வெளிநாடுகளில் பொழுதுபோக்காக விமானம் ஓட்டுகிறவர்களுக்கென்று இருந்த சின்ன விமானத் திடல்களை மூடிவிட்டுப் பூங்கா, வீடு, கிடங்கு என்று மாற்றிவிடுகிறார்களாமே. நம்ம சேலம் காமலாபுரம் ஏர்போர்ட்டும் எத்தனையோ வருடம் விமானமே வராமல் கிடந்தது. அப்போதே அதை மூடி, நிலத்தைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்திருந்தால் என்ன?”

நான் சேலம் மாவட்டத்தில் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓமலூர், மேட்டூர், ஏற்காடு என்று எல்லாப் பக்கமும் சங்கிலி பிடித்திருக்கிறேன். விமானத் திடல்கள் மேல் எனக்கு ஆர்வம் வந்ததும் அந்த வேலையால்தான். ஒரு மாவட்டத்தில் இவ்வளவு பெரிய சமதளம் ஒரே துண்டாக ஒரே பெயரில் கிடப்பது அபூர்வம். எங்கள் பக்கம் ஒரு ஏக்கருக்குள் மூன்று உட்பிரிவு இருக்கும், அதில் இரண்டுக்கு வழக்கு இருக்கும். அதனால் மூடிய விமானத் திடல் என்றாலே, அந்தத் துண்டு பிறகு என்ன ஆனது என்றுதான் முதலில் தேடுவேன். அப்படித் தேடித் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

முதலில் பொழுதுபோக்கு விமானத் திடல் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். நம் ஊரில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. இங்கிலாந்தில் அது பெரும்பாலும் ஒரு புல்வெளிதான். சில நூறு மீட்டருக்குப் புல்லை ஒட்ட வெட்டி வைத்த ஓடுபாதை, ஓரத்தில் தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு பேரோ நான்கு பேரோ உட்காரும் விமானங்கள், டீ போட்டுக் குடிக்க ஒரு கிளப் அறை, கம்பத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிப் பை, அவ்வளவுதான். விடுமுறை நாளில் வருவார்கள், பறப்பார்கள், போவார்கள். இவற்றில் நிறைய இரண்டாம் உலகப் போருக்காக அவசரமாகப் போட்டவை. போர் முடிந்ததும் கிளப்புகள் குத்தகைக்கு எடுத்துக்கொண்டன.

இந்தியாவிலும் இந்த ஆசை சீக்கிரமே வந்தது. பம்பாயில் ஜூஹூ திடல் 1928-ல் வந்தது. ஜே.ஆர்.டி. டாடா 1929 பிப்ரவரியில் இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை வாங்கினார். மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் 1930-ல் தொடங்கியது. ஆனால் நம் கிளப்புகள் பெரும்பாலும் அரசு நிலத்தில், அரசு விமான நிலையத்தின் ஒரு மூலையில் வாழ்ந்தன. தனி ஆளின் புல்வெளியில் கிளப் நடத்தும் வழக்கம் இங்கே வேர்விடவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். அங்கே திடல் மூடினால் நில உரிமையாளர் யார் என்பதில் பெரும்பாலும் குழப்பம் இல்லை. இங்கே குழப்பமே அதில்தான் தொடங்குகிறது.

சரி, நன்றாக நடந்துகொண்டிருந்த திடலை ஏன் மூடுகிறார்கள்? எங்கும் ஒரே கதைதான். திடல் வரும்போது ஊருக்கு வெளியே இருக்கும். ஊர் வளர்ந்து வேலியைத் தொடும். சத்தம் என்று புகார் வரும், அதுவும் திடலுக்குப் பின்னால் குடிவந்தவர்களிடமிருந்து. நிலத்தின் விலை ஏறும். வாரிசுகள் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்: விமானம் நிறுத்தும் வாடகை வருடத்துக்கு இவ்வளவு, மனைப்பிரிவு போட்டால் அதைப் போல் எத்தனை மடங்கு என்று. இன்னொரு காரணமும் உண்டு, வெளியில் அதிகம் பேசப்படாதது. விமான நிலையம் இருந்தால் அதைச் சுற்றிக் கட்டடத்தின் உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. நம் நாட்டில் 20 கிலோமீட்டர் வரைக்கும்கூட உயர அனுமதி கேட்க வேண்டிய விதி இருக்கிறது. திடலை மூடினால் திடலின் நிலம் மட்டும் விடுபடுவதில்லை, சுற்றி இருக்கிற எல்லா நிலத்தின் தலைக்கு மேல் இருந்த கூரையும் எடுபடுகிறது. அதனால் மூடச் சொல்கிறவர் யார் என்று பார்க்கும்போது, பக்கத்து நிலங்களின் பத்திரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லண்டனுக்கு வடக்கே ஹர்ட்ஃபோர்ட்ஷையரில் பான்ஷாங்கர் என்று ஒரு திடல். போர்க்காலத்தில் பக்கத்து ஹாட்ஃபீல்டில் இருந்த டி ஹேவிலாண்ட் விமானத் தொழிற்சாலையைக் குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற, இங்கே ஒரு போலித் தொழிற்சாலையை அமைத்து எதிரியை ஏமாற்றினார்கள். பிறகு அது புல்தரை ஓடுபாதையும் பறக்கும் பள்ளியுமாகப் பல்லாண்டு இருந்தது. 2014-ல் பறப்பது நின்றது. அடுத்த பேச்சு வீடு கட்டுவதுதான். சிட்னியின் மேற்கே ஹாக்ஸ்டன் பார்க் இன்னொன்று. சின்ன விமானங்களும் பயிற்சி மாணவர்களுமாக இருந்த இடம். 2008 கடைசியில் மூடி, பெரிய கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் கிடங்குகளைக் கட்டினார்கள். கிடங்குக்காரருக்கு வேண்டியது என்ன? மேடு பள்ளம் இல்லாத அகலமான தரை, தண்ணீர் நிற்காத வடிகால், நெடுஞ்சாலை பக்கத்தில். விமானத் திடலில் முதல் இரண்டும் தயாராக இருக்கிறது. அதனால் இந்த மாற்றம் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆச்சரியமும் கோபமும் வந்தது சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு கதையைப் படித்தபோதுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மூடும் விதத்தில் என்ன தப்பு நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மிச்சிகன் ஏரிக்குள் மண் கொட்டி உருவாக்கிய நார்தர்லி தீவு என்ற இடம். 1909-ல் கட்டடக் கலைஞர் டேனியல் பர்ன்ஹாம் சிகாகோவுக்குப் போட்ட நகரத் திட்டத்தில் அது மக்களுக்கான பூங்கா. 1933, 34-ல் அங்கே உலகக் கண்காட்சி நடந்தது. 1948 டிசம்பரில் பூங்காவுக்குப் பதில் விமானத் திடல் வந்தது. ஒரே ஓடுபாதை, சுமார் 3,900 அடி. ஊரின் நடுவில் இறங்கி நடந்தே அலுவலகம் போகலாம். 1955-ல் ஒற்றை ஓடுபாதை உள்ள திடல்களில் அமெரிக்காவிலேயே அதிக நெரிசல் இதற்குத்தான். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு விளையாடிய தலைமுறைக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரைத் திறந்தால் பல வருடங்களுக்கு முதலில் நின்ற இடம் இந்த ஓடுபாதைதான். சேலத்தில் உட்கார்ந்து சிகாகோ ஏரிக்கரையில் விமானம் ஏற்றிய பையன்கள் எனக்கே தெரிந்து இருக்கிறார்கள்.

மேயர் ரிச்சர்ட் எம். டேலி அதைத் திரும்பப் பூங்காவாக்க நினைத்தார். பர்ன்ஹாம் திட்டத்தின்படி அது நியாயமான ஆசைதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் செய்த விதம்? 2003 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. புல்டோசர்கள் உள்ளே போயின. ஓடுபாதையில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகப் பள்ளம் தோண்டின. மூடிய ஓடுபாதையில் பெருக்கல் குறி போடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். மேலிருந்து பார்க்கிற விமானி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அதைப் பெயின்டில் எழுதுவார்கள். இங்கே அதையே தோண்டி எழுதினார்கள். விடிந்து பார்த்தால் 16 விமானங்கள் வெளியே போக வழியில்லாமல் நின்றன. பிறகு அவற்றை ஓடுபாதைக்குப் பக்கத்தில் உள்ள இணைப்புப் பாதையிலிருந்து ஏற அனுமதித்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்தேன் என்று மேயர் காரணம் சொன்னார். 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்காததற்கு நாளைக்கு 1,100 டாலர் வீதம் 33,000 டாலர் அபராதம் வந்தது. விமான நிலைய வளர்ச்சிக்கென்று வாங்கியிருந்த நிதியில் 10 லட்சம் டாலரையும் நகராட்சி திருப்பிக் கட்டியது. அதற்கப்புறம் அந்த நாட்டுச் சட்டத்தில் அபராதத்தை நாளைக்கு 10,000 டாலராக உயர்த்தினார்கள்.

இன்று அங்கே பூங்கா இருக்கிறது. புல்வெளி, நடைபாதை, ஒரு பக்கம் இசை நிகழ்ச்சி மேடை. போய் வந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். இருந்தாலும் அந்த ராத்திரி நடந்ததை அவர்கள் யாரும் மறக்கவில்லை. நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்ற பேச்சையே நடத்தவிடாமல், பேச்சுக்கான பொருளையே உடைத்துவிட்டார்கள். ஓடுபாதையை ஒரு ராத்திரியில் உடைத்துவிடலாம், திரும்பப் போடுவதற்கு எந்த நகரத்துக்கும் துணிவு வராது.

இதற்கு நேர் எதிராகச் செய்தது பெர்லின். டெம்பெல்ஹோஃப் பொழுதுபோக்குத் திடல் இல்லை, பெரிய விமான நிலையம். 1948-49-ல் நகரம் முற்றுகையில் இருந்தபோது உணவும் நிலக்கரியும் வந்து இறங்கிய இடம். 2008 அக்டோபர் 30-ல் மூடினார்கள். 2010 மே மாதம் கேட்டைத் திறந்து மக்களை அப்படியே உள்ளே விட்டார்கள். எதையும் கட்டவில்லை, எதையும் இடிக்கவில்லை. ஓடுபாதையில் சைக்கிள், சறுக்குப் பலகை, பட்டம். ஓரத்தில் வீட்டுத் தோட்டம். நடுவில் புல். அந்தப் புல்லில் வானம்பாடிகள் கூடு கட்டுகின்றன, அதனால் குஞ்சு பொரிக்கும் காலத்தில் அந்தப் பகுதிக்குள் ஆள் போவதற்குத் தடை. பிறகு அரசு ஓரங்களில் வீடு கட்டலாம் என்று திட்டம் கொண்டுவந்தபோது, 2014 மே மாதம் பொது வாக்கெடுப்பு நடந்தது. கட்டக் கூடாது என்று மக்கள் வாக்களித்தார்கள். பெர்லினில் வாடகை வீட்டுக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று தெரிந்தவர்கள் இதைத் தப்பு என்றும் சொல்கிறார்கள், அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் நான்கு வருடம் உள்ளே நடந்து பழகியபின் வாக்களித்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

சின்னதாக ஒன்று வேண்டுமானால் ஃபிராங்க்ஃபர்ட்டின் போனாமெஸ். நிட்டா ஆற்றங்கரையில் அமெரிக்க ராணுவம் 1992 வரை வைத்திருந்த ஹெலிகாப்டர் திடல். அதைப் பூங்காவாக்கியவர்கள் கான்கிரீட்டை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோகவில்லை. ஒரு பகுதியை அப்படியே பிள்ளைகள் ஓடி விளையாட விட்டார்கள். மற்றதை இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் உடைத்து அங்கேயே போட்டார்கள். ஓரிடத்தில் பெரிய பாளம், ஓரிடத்தில் கை அகலத் துண்டு, இன்னோரிடத்தில் ஜல்லி. துண்டின் அளவைப் பொறுத்து இடுக்கில் நிற்கும் ஈரம் மாறும், ஈரத்தைப் பொறுத்து முளைக்கும் செடி மாறும். பள்ளத்தில் தண்ணீர் தங்கித் தவளைகள் வந்தன. கட்டட இடிபாட்டை ஏரியில் கொட்டுவதையே பார்த்துப் பழகிய எனக்கு, இடிபாட்டை இப்படி வகை பிரித்துப் போடலாம் என்ற யோசனையே புதிதாக இருந்தது.

இப்போது மண்ணுக்குள் போகலாம். மூடிய விமானத் திடலைப் பார்த்ததும் “அடடா, சுத்தமான வெட்டவெளி” என்று தோன்றும். அது முழு உண்மை இல்லை. சின்ன விமானங்களின் பிஸ்டன் இன்ஜினுக்குப் போடும் பெட்ரோலில் இன்றைக்கும் ஈயம் கலக்கிறார்கள், லிட்டருக்கு அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல்வரை இருக்கலாம். நம் பைக், கார் பெட்ரோலில் அதை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. விமானம் ஏறுவதற்கு முன் ஓடுபாதையின் முனையில் நின்று இன்ஜினை உறுமவிட்டுச் சோதிப்பார்கள். ஈயம் அதிகம் சேர்வது அந்த முனையில்தான். எரிபொருள் தொட்டி புதைத்திருந்த இடத்தில் கசிவு இருக்கலாம். தீயணைப்புப் பயிற்சி நடந்த இடத்தில் நுரை மருந்தின் மிச்சம் இருக்கலாம், அதில் சில வகை எளிதில் சிதையாமல் நிலத்தடி நீருக்குப் போகும். அதனால் குழந்தைகள் விளையாடும் இடத்தையும் காய்கறித் தோட்டத்தையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்வதற்கு முன் மண்ணை எடுத்துச் சோதிக்க வேண்டும். திடல் முழுக்க ஒரே சோதனை போதாது. முனைகளிலும், தொட்டி இருந்த இடத்திலும், கொட்டகை வாசலிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

இன்னொன்று தண்ணீர். விமானம் இறங்கும் தரையில் தண்ணீர் நிற்கக் கூடாது. ஓடுபாதையை நடுவில் லேசாக உயர்த்தி, இரு பக்கமும் சரித்து, ஓரத்தில் வடிகால் வெட்டி, மழைநீரை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக வெளியே தள்ளுவார்கள். அதற்காகப் பழைய ஓடைகளைத் திருப்புவார்கள், குட்டைகளைத் தூர்ப்பார்கள், கிணறுகளை மூடி மண்ணை இறுக்குவார்கள். ஓமலூர் பக்கத்து நிலத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை. சேர்வராயன் மலையில் பெய்கிற மழை சரபங்காவாக ஓமலூர் வழியாகக் காவிரிக்குப் போகிறது, வழியில் ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு. அடியில் கெட்டிப் பாறை. ஒரு ஓடையைத் திருப்பினால் கீழே எந்தக் கிணறு வற்றும் என்று அந்த ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும், நம் வரைபடத்துக்குத் தெரியாது.

தமிழ்நாட்டிலேயே மூடிய திடல்கள் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரம் போர்க்கால ஓடுதளம். போர் முடிந்து விமானம் நின்றபின் பல பத்தாண்டுகள் அங்கே கார், பைக் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வரும்வரை தென்னிந்தியப் பந்தயக்காரர்களுக்கு அதுதான் கோயில். யாரும் திட்டம் போட்டுச் செய்த மறுபயன்பாடு இல்லை அது. நீளமான நல்ல தரை சும்மா கிடந்தது, வேண்டியவர்கள் வந்தார்கள். நம் சேலத்திலிருந்து நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் உளுந்தூர்பேட்டையிலும் போர்க்கால ஓடுதளம் ஒன்று உண்டு. செட்டிநாட்டிலும் கயத்தாற்றிலும் இதே வகை. சும்மா கிடந்தாலும் இவை துண்டாகாமல் கிடப்பதால்தான், ஒவ்வொரு முறை புதிய விமான நிலையம் பற்றிப் பேச்சு வரும்போதும் இந்தப் பெயர்கள் திரும்ப வருகின்றன.

இனி காமலாபுரம். 1993-ல் திறந்தது. கொஞ்ச காலம் விமானம் வந்து நின்றுபோனது. 2009-ல் கிங்ஃபிஷர் சென்னைக்கு ஓட்டியது, இரண்டு வருடத்தில் அதுவும் நின்றது. 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் நிறுவனம் வந்தது, அதுவும் தொடரவில்லை. 2023 அக்டோபரில் மறுபடி பெங்களூரு, கொச்சி, சென்னை, ஹைதராபாத் என்று சேவை தொடங்கியது. ஆக, 30 வருடத்தில் பாதிக்கும் மேல் அந்த ஓடுபாதையில் பயணிகள் விமானம் இல்லை. கேள்வி கேட்டவரின் எரிச்சல் நியாயமானதுதான்.

ஒரு கணக்கு மட்டும் பாருங்கள். ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பெருக்கினால் 54,000 சதுர மீட்டர், ஏறக்குறைய 13 ஏக்கர். ஓடுபாதைக்கென்று தார் போட்ட நிலம் இவ்வளவுதான். வேலிக்குள் மீதி இருப்பது பெரும்பாலும் புல்லும் மண்ணும். எங்கள் ஊர்க்காரர் கண்ணுக்கு அந்த 13 ஏக்கர் முதலில் எப்படித் தெரியும் தெரியுமா? ஜவ்வரிசிக் களமாக. மரவள்ளிக் கிழங்கு மில் வைத்திருப்பவர்கள் மாவையும் ஜவ்வரிசியையும் காயவைக்கச் சிமெண்டுக் களத்துக்கு எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்பதை ஆத்தூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். 2010-களில் ஒரு மில்காரரே என்னிடம் சொன்னார், “சார், அந்த ரன்வேயை மாசி, பங்குனி ரெண்டு மாசம் குத்தகைக்குக் கொடுத்தா போதும்” என்று. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அதே காலத்தில் ஒரு நாள் வேலி ஓரமாக உள்ள வண்டிப்பாதையில் ஒரு பட்டா மேல்முறையீட்டுக்காகப் போயிருந்தேன். கடலைக்காடு. அளவு முடிந்து வேப்பமரத்தடியில் மோர் கொடுத்தார்கள். அந்தக் காட்டுக்காரர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கம்பிவேலிக்குள் கையை நீட்டிக் காட்டினார்.

“சார், அந்தக் காத்துப்பை ஆடுது பாருங்க. அதுக்கு இந்தாண்டதான் எங்க கெணறு. எங்கப்பன் வெட்டுனது. நாலு மட்டம் பாறை ஒடச்சுத்தான் தண்ணி கண்டாரு.”

“எந்த இடம்னு இப்பவும் தெரியுதுங்களா ஐயா?” என்றேன்.

“கண்ண மூடிக்கிட்டே போவேன். ஆனா நான் சொன்னா யாரு ஒத்துக்குவாங்க? நீங்க அளந்தா தெரியுங்களா?”

தெரியும் என்றேன். உண்மையில் தெரியும். ஒவ்வொரு புல எண்ணுக்கும் நாங்கள் அளந்து வரைந்து வைக்கும் படம்தான் புலப்படம், பழைய புலப்படத்தில் கிணறு குறித்திருக்கும். இரண்டு நட்டக்கல்லுக்கு நடுவே போட்ட கோட்டிலிருந்து இத்தனை லிங்க்ஸ் (அளவுச் சங்கிலியின் கண்ணிக் கணக்கு) வலது பக்கம் என்று அளவோடு இருக்கும். கல்லைப் பிடுங்கி, பல புலங்களைச் சேர்த்து ஒரே புலமாக்கி, கிணற்றைத் தூர்த்தாலும், அந்த அளவு தாளில் நிற்கிறது. வேலிக்கு வெளியே நிற்கும் ஒரு மூலைக்கல்லைப் பிடித்தால் உள்ளே எங்கே தோண்ட வேண்டும் என்று சொல்லிவிடலாம். அவர் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் செம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவரிடம் நிலத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1894-ம் வருடத்து நில எடுப்புச் சட்டத்தில் முதலில் அதற்கு வழியே இல்லை. எடுத்த நிலம் அரசுக்கு முழுதாகச் சொந்தம், எடுத்த காரியத்துக்கு வேண்டாமென்றால் வேறு பொதுக் காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கும் வேண்டாமென்றால் பொது ஏலத்தில் விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் 1997-ல் சொன்னது. ஆனால் தமிழ்நாடு அந்தச் சட்டத்தில் 48-பி என்று ஒரு பிரிவைத் தனியாகச் சேர்த்தது. எடுத்த காரியத்துக்கும் வேறு எந்தப் பொதுக் காரியத்துக்கும் அந்த நிலம் தேவையில்லை என்று அரசு திருப்தி அடைந்தால், வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சம்மதிக்கும் பழைய உரிமையாளருக்கு நிலத்தை மாற்றிக் கொடுக்கலாம். கவனியுங்கள், “கொடுக்கலாம்” என்றுதான் இருக்கிறது, “கொடுக்க வேண்டும்” என்று இல்லை. “வேறு எந்தப் பொதுக் காரியத்துக்கும்” என்ற சொற்கள் அந்தக் கதவைப் பாதிக்கு மேல் சாத்திவிடுகின்றன.

2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 101-வது பிரிவு கொஞ்சம் முன்னே போகிறது. நிலத்தை அரசு கையில் எடுத்துக்கொண்ட நாளிலிருந்து ஐந்து வருடம் நிலத்தைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், பழைய உரிமையாளருக்கோ வாரிசுக்கோ திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அரசின் நில வங்கியில் சேர்க்க வேண்டும். இதிலும் அந்த “அல்லது” இருக்கிறது. தேர்ந்தெடுப்பவர் கொடுத்தவர் இல்லை, எடுத்தவர்தான். அதோடு, காமலாபுரம் நிலம் “பயன்படுத்தாதது” கணக்கிலேயே வராது. ஓடுபாதை போட்டாயிற்று, கட்டடம் நிற்கிறது. விமானம் வரவில்லை என்பது சட்டத்தின் கண்ணில் வேறு விஷயம்.

அதனால் கேள்விக்கு என் நேர்ப் பதில் இது: அப்போது மூடித் திருப்பிக் கொடுப்பது சட்டப்படி எளிதில் நடக்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை. மூடியிருந்தாலும் நிலம் அந்தக் கடலைக்காட்டுக்காரரிடம் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏதாவது ஒரு துறைக்குப் போயிருக்கும், அல்லது துண்டு துண்டாக ஏலத்துக்கு வந்திருக்கும். இன்று விமானமும் இருந்திருக்காது, கிணறும் இருந்திருக்காது. மூடாமல் வைத்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சும்மா வைத்திருந்த காலமெல்லாம் வேலிக்கு வெளியே இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது சரியில்லை. புல் அறுக்க, களம் போட, விடுமுறை நாளில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட என்று கேட்டிருக்கலாம். பாதுகாப்பு விதி எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்காது, ஆனால் கேட்பதற்கு விதி தடை இல்லை. அப்படி ஒரு உறவு இருந்திருந்தால், 2018-ல் விரிவாக்கத்துக்கு இன்னும் ஐந்நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும் என்று காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிபாடி, சிக்கனம்பட்டி ஊர்களுக்கு அதிகாரிகள் போனபோது அங்கே கிடைத்த வரவேற்பு வேறு மாதிரி இருந்திருக்கும். “முதலில் எடுத்ததில் விமானத்தைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்” என்று அவர்கள் கேட்டதற்கு யாரிடம் பதில் இருந்தது?

விமான நிலையம் நடந்துகொண்டிருக்கும்போதே மீதி நிலத்தைப் பயன்படுத்த முடியும் என்பதற்குக் கொச்சி பக்கத்திலேயே இருக்கிறது. 2015-ல் சரக்குப் பகுதிக்குப் பக்கத்தில் 45 ஏக்கரில் 12 மெகாவாட் சூரிய மின்தகடுகளை வைத்தார்கள். தகடு கழுவுகிற தண்ணீரை வீணாக்காமல் வரிசைகளுக்கு நடுவே காய்கறி போடுகிறார்கள். காமலாபுரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

எந்த ஊரிலாவது ஒரு திடல் நிஜமாகவே மூடப்படுகிற நிலை வந்தால், என்னிடம் கேட்டால் சொல்வேன்: எதை உடைப்பதற்கு முன்னும், எந்தத் துறைக்கு ஒதுக்குவதற்கு முன்னும், உட்பிரிவு செய்ய ஒரு வரிகூடப் போடாதீர்கள். ஒரு முறை துண்டு போட்டால் அப்புறம் அதை ஒரே நிலமாகப் பார்க்க எந்தத் தலைமுறைக்கும் வாய்க்காது. இரண்டு மூன்று வருடம் கேட்டைத் திறந்துவையுங்கள். மக்கள் எந்த மூலைக்குப் போகிறார்கள், மழைநீர் எந்த மூலைக்குப் போகிறது என்று பாருங்கள். அந்த நேரத்தில் மண்ணைச் சோதியுங்கள். திடல் வருவதற்கு முன்பிருந்த புலப்படங்களை எடுத்து இன்றைய வரைபடத்தின் மேல் வைத்து, தூர்த்த கிணறு, திருப்பிய ஓடை, மறைந்த வண்டிப்பாதை எல்லாவற்றையும் குறியுங்கள். கிணறு திரும்பக் கிடைத்தால் குடிநீருக்கு இல்லாவிட்டாலும் மழைநீரை உள்ளே இறக்கவாவது உதவும்.

காமலாபுரம் வேலிக்குள் நிலம் போன குடும்பத்தில் யாராவது இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் பழைய புல எண் ஞாபகம் இருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, நிலம் எடுப்பதற்கு முந்தைய புலப்பட நகலைக் கேளுங்கள். புல எண் தெரியாவிட்டால் பழைய கிரயப் பத்திரத்திலோ இழப்பீடு வாங்கிய நோட்டீஸிலோ இருக்கும். நகல் கிடைத்ததும் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களை உட்கார வைத்து, கிணறு, களம், மரம், ஓடை எங்கே என்று அதிலேயே பென்சிலால் குறித்து வாங்கிவிடுங்கள்.